கொவிட் காலத்தில் அறுந்த பயிற்சி: பல் மருத்துவ மாணவர் கேள்விகளும் பதில்களும்

2020 மார்ச்சில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடின. இடையில் திறந்து மறுபடி மூடின. 2021 ஒக்டோபர் 1ஆம் திகதி ஊரடங்கு நீங்கிய பிறகுதான் பல் கிளினிக்குகள் மெல்ல மெல்லப் பழைய வேலைக்குத் திரும்பத் தொடங்கின. அந்நாட்களில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுடையவை, அல்லது அவர்களின் வீட்டாருடையவை. பக்கம் முழுவதையும் அவர்களின் பயிற்சிக்கே ஒதுக்கியிருக்கிறோம். எங்கள் பல் மருத்துவர் குழு பதில் தருகிறது.

இரண்டாம் வருடத்தில் இருந்தபோது லொக்டவுன் வந்தது. பயிற்சிக்கான பொம்மைத் தலையில் செய்ய வேண்டிய வேலையில் பாதியை சூமில் பார்த்ததோடு சரி. இப்போது நோயாளியின் வாயில் ஹேண்ட்பீஸை (பல் குடையும் கருவியை) வைத்தால் கை நடுங்குகிறது. கண்ணாடியில் பார்த்து மேல்பல்லில் வேலை செய்ய வரவே இல்லை. வீட்டில் இருக்கும் நாட்களில் எதைப் பழகலாம்?
மாணவி, கல்லடி

கை நடுங்குவதைத் திறமைக் குறைவு என்று எண்ண வேண்டாம், மகள். விரல் ஊன்றாமல் ஹேண்ட்பீஸைப் பிடித்தாலும், முழங்கையை உடம்பிலிருந்து விலக்கித் தூக்கினாலும், வெட்டும்போது மூச்சை அடக்கினாலும் யாருடைய கையும் நடுங்கும். மோதிர விரல் அதே தாடையில், வேலை செய்யும் பல்லுக்குப் பக்கத்துப் பல்லில் ஊன்றியிருக்க வேண்டும். முரசிலோ (ஈறிலோ) உதட்டிலோ ஊன்றினால் அது அசையும்போது கையும் சேர்ந்து அசையும். நோயாளியின் வாய் உங்கள் முழங்கை உயரத்துக்கு வரும்வரை கதிரையை ஏற்றி இறக்குங்கள். ஏரோட்டர் என்ற அதிவேக ஹேண்ட்பீஸ் நிமிடத்துக்கு 3 முதல் 4 இலட்சம் தடவை சுற்றுகிறது. அது தானாகவே வெட்டும், அழுத்தத் தேவையில்லை. அழுத்தினால் வேகம் குறைந்து, அதன் வெட்டும் நுனியான பர் துள்ளும். அந்தத் துள்ளலைத்தான் பலர் கை நடுக்கம் என்று எண்ணுகிறார்கள்.

கண்ணாடிப் பார்வைக்கு வீட்டிலேயே நல்ல பயிற்சி உண்டு. 4ஆம் அல்லது 5ஆம் இலக்க வாய்க்கண்ணாடி ஒன்று, கைபிடியுள்ள அகன்ற கோப்பை ஒன்று, 1 மில்லிமீற்றர் கட்டமுள்ள வரைபுத்தாள், 0.5 பென்சில் போதும். கோப்பையைப் படுக்க வைத்து, அதன் மேற்பக்க உட்சுவரில் தாளை ஒட்டுங்கள். மேல்தாடையின் கொடுப்புப் பற்கள் அந்த இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேரே குனிந்து பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்து, மோதிர விரலைக் கோப்பையின் விளிம்பில் ஊன்றி, கட்டத்தின் கோட்டிலேயே 5 மில்லிமீற்றர் நீளமுள்ள சதுரங்களை வரையுங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். முதல் நாட்களில் கோடு எதிர்ப்பக்கம் ஓடும். முன்பின் திசை கண்ணாடியில் புரண்டு தெரிவதால் அப்படி நடக்கிறது. கோடு பழகியதும் சதுரத்துக்குள் நுனி விரிந்த சிறு புறாவால் வடிவம் வரையுங்கள். கழுத்து வளைகிறதா என்று வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தலையை வளைத்து நேரே பார்த்துவிடும் பழக்கம் ஒருமுறை படிந்தால் பிறகு உதறுவது கடினம், பத்து வருடத்தில் கழுத்து வலியாகவும் திரும்பி வரும்.

அடுத்தது வடிவ அறிவு. மெழுகுக் கட்டி இல்லாவிட்டால் சவர்க்காரக் கட்டி போதும். இரட்டை அளவில் செதுக்குங்கள். மேல் நடு வெட்டும் பல்லின் தலைப்பகுதி உயரம் 10.5, அகலம் 8.5, முன்பின் தடிப்பு 7 மில்லிமீற்றர். இரட்டித்தால் 21, 17, 14. கீழ் முதற் கடைவாய்ப் பல் 11 அகலம், 10.5 தடிப்பு, 7.5 உயரம். முதலில் நான்கு பக்கத்தின் வெளிக்கோட்டையும் கீறி, பெட்டியாக வெட்டி, பிறகுதான் வளைவுகளைத் தொட வேண்டும். மேட்டையும் பள்ளத்தையும் முதலிலேயே தோண்டுபவர்களுக்குப் பல் எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே வரும்.

கம்பஸ் ஆய்வுகூடத்துக்குத் திரும்பியதும் இரண்டாம் வகைக் குழியிலிருந்து, அதாவது கடைவாய்ப் பல்லின் பக்கச் சுவரையும் சேர்த்து வெட்டும் குழியிலிருந்து தொடங்குங்கள். அமல்கத்துக்கான (பாதரசம் கலந்த உலோக அடைப்புக்கான) குழியின் ஆழம் 1.5 முதல் 2 மில்லிமீற்றர், பக்கத்துப் பல்லிலிருந்து விலகல் சுமார் 0.5 மில்லிமீற்றர், அதாவது ஆய்வுக் கம்பியின் நுனி தடையில்லாமல் நுழையுமளவு. வெட்டத் தொடங்குமுன் பக்கத்துப் பல்லைச் சுற்றி உலோகப் பட்டி ஒன்றைக் கட்டுங்கள். பக்கத்துப் பல்லைக் கீறிவிடுவதுதான் இந்தக் குழியில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. முடிந்ததும் அளவுக் கம்பியைக் குழியின் அருகில் வைத்து நேர் மேலிருந்து போனில் படம் எடுங்கள். விரிவுரையாளரிடம் காட்டுமுன் நீங்களே அளந்து, எங்கே எவ்வளவு பிசகியது என்று எழுதுங்கள். அளக்காமல் இருபது குழி வெட்டினால் ஒரே பிழையை இருபது தடவை பழகியதாகத்தான் முடியும்.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. நீர்க் குளிர்ச்சியில்லாத ட்ரில்லில் பல்லை வெட்டாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குப் போகும். விறைப்பு ஊசியை யார் மீதும் பழகாதீர்கள். தையல் பழக வேண்டுமானால் தடித்த துணியில் விளிம்பிலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளி, ஊசி செங்குத்தாக இறங்கும்படி தையுங்கள்.

மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கும் என் மச்சாளின் மகன் வார்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார். பேராதனையில் பல் மருத்துவம் படிக்கும் என் மகளின் பெச் மட்டும் ஏன் இவ்வளவு பிந்துகிறது? பரீட்சையை வைத்துவிட்டால் முடிந்துவிடும்தானே?
தாய், ஏறாவூர்

அம்மா, வார்டில் மருத்துவ மாணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேட்கலாம், தொட்டுச் சோதிக்கலாம். உங்கள் மகள் தன் கையாலேயே வெட்ட வேண்டும், அடைக்க வேண்டும், பிடுங்க வேண்டும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அத்தோடு, ஏரோட்டரும், மீயொலி அதிர்வால் பல்லைச் சுத்தமாக்கும் ஸ்கேலரும் எச்சிலை நீரோடு கலந்து நுண்துளியாகக் காற்றில் எறிகின்றன. முகக்கவசம் கழற்றிய நோயாளியின் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்துக்குள்தான் மாணவியின் முகம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமே 2020 ஓகஸ்டில், சமூகப் பரவல் உள்ள இடங்களில் அவசரமில்லாத வாய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொன்னது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தடுப்புச் சுவர் இல்லாத மண்டபத்தில் 40 கதிரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுவிட்டு ஒன்று என்றால் 20. ஒரு நோயாளி எழுந்த பிறகு காற்று தெளிய அரை மணித்தியாலம் விட்டால், மூன்று மணித்தியால வேளையில் இரண்டு நோயாளி பார்த்த இடத்தில் ஒருவரைத்தான் பார்க்கலாம். பாதியின் பாதி. அதே வேலைக்கு நான்கு மடங்கு நாள். பின்னால் அடுத்த பெச்சும் வந்து நிற்கும்.

பரீட்சையை வைப்பது எளிது. கை பழகாமல் வெளியே வரும் பிள்ளை, மேற்பார்வை இல்லாத ஒரு கிராமத்து வைத்தியசாலையில் தனியாக நிற்க வேண்டி வரும். அந்தப் பிந்துதலை நீங்கள் பொறுத்துக்கொள்வது நல்லது. மகளிடம் "எப்போது முடியும்?" என்று கேட்பதற்குப் பதிலாக "எந்த வேலை இன்னும் கைக்கு வரவில்லை?" என்று கேளுங்கள். பாரம் குறையும்.

ஹிஜாப் அணிகிறேன். என்95 மாஸ்க்கின் பட்டியை ஹிஜாபுக்கு மேலே போடுவதா, உள்ளேயா? கண்ணாடியில் ஆவி படிகிறது. இரண்டு மணித்தியாலத்தில் தலை சுற்றுகிறது.
மாணவி, காத்தான்குடி

மாஸ்க்கின் விளிம்பு சுற்றிவரத் தோலில் படிந்திருக்க வேண்டும், மகள். கன்னத்திலோ நாடிக்குக் கீழோ துணி இடைப்பட்டால் அந்த மாஸ்க் என்95ஆக வேலை செய்யாது. முதலில் முடியைத் தாழக் கட்டி, முகத்தைத் தொடாத மெல்லிய உட்தொப்பி அணியுங்கள். அதற்கு மேல் மாஸ்க். மேல் பட்டி உச்சிக்கு, கீழ்ப் பட்டி காதுக்குக் கீழே பிடரிக்கு. இரண்டு பட்டியையும் பிடரியில் போட்டால் மூக்குப் பக்கம் திறக்கும். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல் இரு கையின் விரல்களால் நடுவிலிருந்து வெளியே அழுத்துங்கள். பிறகு இரு உள்ளங்கையாலும் மூடி வேகமாக மூச்சை விடுங்கள், ஓரத்தில் காற்றுத் தெரியக் கூடாது. உள்ளிழுத்தால் மாஸ்க் சற்று ஒட்ட வேண்டும். இதெல்லாம் சரியான பிறகுதான் வெளி ஹிஜாப். நாடிக்குக் கீழே அதை இறுக்கினால் குனியும்போது மாஸ்க்கைக் கீழே இழுக்கும், ஆகவே அங்கே ஒரு விரல் தளர்வு விடுங்கள்.

கண்ணாடியில் ஆவி என்றால் மூக்குப் பக்கம் காற்று கசிகிறது என்று அர்த்தம். கண்ணாடிக்குச் சவர்க்காரம் பூசுமுன் மாஸ்க்கைச் சரிசெய்யுங்கள். அது தீரவில்லையென்றால் வேறு அளவு, வேறு வடிவ மாஸ்க் கேளுங்கள். ஒரே அளவு எல்லா முகத்துக்கும் பொருந்தாது. காதில் மாட்டும் வகை இந்த வேலைக்கு இறுக்கமாக நிற்பதில்லை.

கழற்றும்போது வரிசை முக்கியம்: கிளவுஸ், கவுன், கை கழுவல், முகத்தடுப்பு, வெளி ஹிஜாப், மறுபடி கை கழுவல், அறைக்கு வெளியே வந்த பிறகு கடைசியாக மாஸ்க், மீண்டும் கை கழுவல். மாஸ்க்கைக் கழற்றும்போது முன்புறத்தைத் தொடாமல் பட்டியைப் பிடித்துக் கழற்றுங்கள். வெளி ஹிஜாபைக் கிளினிக்கிலேயே மாற்றி, தனிப் பையில் கொண்டுபோய்ச் சவர்க்காரமும் சுடுநீரும் போட்டுத் துவையுங்கள். தட்டுப்பாட்டால் மாஸ்க்கை மறுபடி அணிய வேண்டியிருந்தால் கடதாசிப் பையில், திகதி எழுதி, குறைந்தது ஐந்து நாள் விட்டு எடுங்கள். ஐந்து தடவைக்கு மேல் வேண்டாம். ஈரமானால், இரத்தம் தெறித்தால், பட்டி தளர்ந்தால் அன்றைக்கே எறியுங்கள்.

தலைச்சுற்றுக்குப் பெரும்பாலும் வெப்பமும் தண்ணீர்க் குறைவும் காரணம். மாஸ்க்கைக் கழற்ற முடியாதே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் பலர். அணியுமுன் இரண்டு குவளை குடியுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெளியே வந்து கழற்றுங்கள். அந்த இடைவேளையைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. தாடி வைத்திருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: மயிரின் மேல் எந்த என்95உம் படியாது. தலை முழுவதையும் மூடிக் காற்றூதும் கருவி கிடைக்காத இடங்களில், நுண்துளி எழும் சிகிச்சையை அவர்கள் செய்யக் கூடாது.

எனது கிளினிக்கில் மாணவர்கள் விடுமுறையில் வந்து வேலை பார்க்கிறார்கள். அறை 12க்கு 10 அடி, உயரம் 10 அடி. ஏசி உண்டு. நோயாளிக்கு இடையில் எவ்வளவு நேரம் விட வேண்டும்? மழைக்காலத்தில் யன்னல் திறக்க முடியவில்லை.
பல் மருத்துவர், அக்கரைப்பற்று

டொக்டர், சாதாரண ஏசி உள்ளிருக்கும் காற்றையே குளிராக்கிச் சுற்றுகிறது. வெளிக்காற்றை அது கொண்டுவராது. உங்களுக்குத் தேவை வெளியே தள்ளும் விசிறி. அறையின் கனவளவு 1200 கன அடி. நிமிடத்துக்கு 200 கன அடி இழுக்கும் விசிறி மணித்தியாலத்துக்கு 12,000 கன அடி, அதாவது 10 தடவை காற்றை மாற்றும். அந்த வேகத்தில் காற்றில் மிதப்பதில் 99 சதவீதம் போக 28 நிமிடமும், 99.9 சதவீதம் போக 41 நிமிடமும் எடுக்கும். 12 தடவையென்றால் 23, 35 நிமிடம். 6 தடவையென்றால் 46, 69 நிமிடம். விசிறியின் பெட்டியில் எழுதியிருப்பது தடையற்ற நிலையின் அளவு. சுவரில் வலை, மூடி எல்லாம் பொருத்திய பிறகு அது குறையும். ஒரு படி பெரியதாகவே வாங்குங்கள்.

விசிறி பொருத்தும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அது நோயாளியின் தலைப்பக்கச் சுவரில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில், கதவின் கீழோ யன்னலிலோ, காற்று உள்ளே வர வழி வேண்டும். வழியில்லாவிட்டால் விசிறி சுழலும், காற்று நகராது. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதிரையின் தலைமாட்டில் பிடித்துப் பாருங்கள். புகை உங்கள் முகத்தைத் தாண்டிக் காத்திருக்கும் அறைக்குப் போகிறதா, விசிறிக்குப் போகிறதா என்று கண்ணாலேயே தெரியும். மின்விசிறியை நோயாளியின் பின்னால் வைத்து உங்களை நோக்கித் திருப்பி வைக்காதீர்கள். நம் கரையோரத்தில் இந்தச் சோதனையை இரண்டு தடவை செய்ய வேண்டும்: வடகிழக்கு வாடையில் ஒருமுறை, தென்மேற்குக் கச்சான் வீசும் மாதங்களில் ஒருமுறை. காற்றின் திசை மாறும்போது, வெளியே தள்ளிய யன்னலே உள்ளே தள்ளத் தொடங்கும். மழைக்கு யன்னலின் வெளியே சரிவான தகடு ஒன்று போட்டால் முழுக்கச் சாத்த வேண்டியிருக்காது.

ஆனாலும் காற்றில் கலந்த பிறகு விரட்டுவதைவிட வாயிலேயே பிடிப்பது மேல். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் ரப்பர் திரையான ரப்பர் டேம் போட்டால், பேராதனையின் பழைய மாணவரான பேராசிரியர் லக்ஷ்மன் சமரநாயக்கவும் வேறு இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிச் சுமார் 3 அடி விட்டத்துக்குள் மிதக்கும் கிருமித் துகள் 70 சதவீதம் வரை குறைகிறது. அகன்ற வாயுள்ள பெரிய சக்ஷனை (உறிஞ்சு குழாயை)ப் பர்ரிலிருந்து ஒன்றரை சென்றிமீற்றருக்குள் பிடியுங்கள். எச்சில் உறிஞ்சும் மெல்லிய குழாய் இந்த வேலையைச் செய்யாது. நீரையும் காற்றையும் ஒன்றாக அழுத்தித் தெளிக்காமல், முதலில் நீர், பிறகு மெதுவாகக் காற்று. வந்து பார்க்கும் மாணவர்களுக்குச் சக்ஷன் பிடிக்கும் வேலையைக் கொடுங்கள். சுவரோரம் நின்று பார்ப்பதைவிட அதில் அவர்கள் வாயின் உள்ளமைப்பைக் கற்பார்கள், உங்கள் அறையும் தெளிவாக இருக்கும். ஆனால் என்95 சரியாகப் பொருந்தாத மாணவரை, ஏரோட்டர் ஓடும் நேரத்தில் உள்ளே விட வேண்டாம்.

பல் பிடுங்கியது நிறைய. அடைத்ததும் வேர்ச் சிகிச்சையும் பொய்ப்பல் கட்டியதும் மிகக் குறைவு. செய்த வேலைகளைப் பதியும் லொக்புக்கில் எண்ணிக்கையை எப்படி நிரப்புவது? இப்படியே வெளியே வந்தால் வேலை தெரியுமா?
மாணவர், திருக்கோவில்

தம்பி, பெருந்தொற்றில் பல இடங்களில் வலியோடு வந்தவர்களுக்கு அவசரச் சிகிச்சை மட்டும்தான் நடந்தது. ஆகவே பிடுங்கல் கூடியது, மற்றவை தேய்ந்தன. பொய்ப்பல் ஐந்து வருகை கொண்ட வேலை: முதல் அச்சு, இரண்டாம் அச்சு, கடி பதிவு, மெழுகில் போட்டுப் பார்த்தல், பொருத்தல். நடுவில் ஊரடங்கு வந்தால் சங்கிலி அறும். மாதங்கள் கழித்து வரும் முதியவரின் முரசு சுருங்கியிருக்கும், பழைய அச்சு பொருந்தாது, எங்கள் ஊர் வெக்கையில் மெழுகுக் கட்டையும் வளைந்திருக்கும். அப்படி நின்றுபோன வேலையைப் பாதியிலிருந்து தொடராதீர்கள், இரண்டாம் அச்சிலிருந்து மறுபடி எடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, கடைசியில் பொருந்தாத பல்லை நோயாளியின் கையில் கொடுப்பதுதான் மிகவும் வருத்தமான முடிவு.

எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். லொக்புக்கில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: பார்த்தேன், சொல்லச் சொல்லச் செய்தேன், கேட்காமல் செய்தேன். மேற்பார்வையாளரின் கையெழுத்தை அதற்கே வாங்குங்கள். மூன்றாம் நிலைக்கு வராத வேலைகளின் பட்டியலோடு பயிற்சிக் காலத்தின் முதல் வாரத்திலேயே பொறுப்பு மருத்துவரிடம் போனால், எந்த நோயாளியை உங்களிடம் தருவது என்று அவருக்கு விளங்கும். மறைத்தால் அவர் எல்லாம் தெரியும் என்று எண்ணித் தனியே விடுவார்.

நுண்துளி எழாத சிகிச்சைகளை இந்தக் காலத்தில் ஆழமாகப் பழகுங்கள். கைக்கருவியால் சூத்தை நீக்கிக் பல்லோடு ஒட்டும் அடைப்பான கண்ணாடி அயனோமர் வைப்பது அதில் முதன்மையானது. கரண்டும் வேண்டாம், ஏரோட்டரும் வேண்டாம். வாகரையிலோ பொத்துவிலிலோ பாடசாலை வாங்கில் வைத்தும் செய்யலாம். பஞ்சுருளையால் பல்லைத் தனிமைப்படுத்தி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பிறகு உலர்த்துங்கள். குழியின் வாய் சிறிதாக இருந்தால், மிளிரியை (பல்லின் வெளிக் கவசத்தை) வெட்டும் கத்தியால் விளிம்பை உடைத்துப் பெரிதாக்குங்கள். கரண்டிக் கருவியால் முதலில் மிளிரியும் அதன் உள்ளே இருக்கும் பல்லெலும்பும் சேரும் ஓரத்தைச் சுற்றிவரச் சுத்தமாக்குங்கள், நடுவை அதன் பிறகு தொடுங்கள். ஓரத்தில் மென்மையான சூத்தை மிஞ்சினால் அடைப்புக் கசியும். நரம்புக்கு மேலே சற்று மிஞ்சினால் விட்டுவிடலாம், அங்கே தோண்டினால்தான் ஆபத்து. பொலிஅக்ரிலிக் அமிலத்தை 10 முதல் 15 விநாடி தடவி, ஈரப் பஞ்சால் கழுவி, உலர் பஞ்சால் ஒற்றுங்கள். காற்றடித்துக் காய வைத்தால் ஒட்டு குறையும்.

கலவைதான் எல்லாரும் தோற்கும் இடம். தயாரிப்பாளர் தந்த கரண்டியில், பொடியைத் தட்டி நிரப்பி விளிம்போடு வழித்து எடுங்கள். திரவப் போத்தலை முதலில் படுக்க வைத்து, பிறகு நேர் தலைகீழாகப் பிடித்துச் சொட்டினால் குமிழி வராது. குமிழியோடு விழும் சொட்டு குறைவான சொட்டு. பொடியைப் பாதி பாதியாகச் சேர்த்து அரை நிமிடத்துக்குள் முடியுங்கள். மேற்பரப்பு மினுங்கும்போதே பல்லுக்குள் போக வேண்டும், மினுக்கம் போய்விட்டால் அந்தக் கலவையை எறியுங்கள். மட்டக்களப்பு வெயிலில் அது சொன்ன நேரத்துக்கு முன்பே இறுகும். கண்ணாடிப் பலகையைக் குளிராக வைத்திருங்கள், ஆனால் அதில் நீர் வியர்த்திருந்தால் துடைத்துவிட்டே கலக்குங்கள். தண்ணியாகக் கலந்தால் வேலை எளிது, ஆனால் அடைப்பு மாதங்களில் தேயும். குழியைச் சற்று மிகையாக நிரப்பி, வஸலின் தடவிய கிளவுஸ் விரலால் சில விநாடி அழுத்தி, பக்கத்துக்கு வழுக்கி விரலை எடுங்கள். நேரே தூக்கினால் அடைப்பும் கூடவே வரும். மிகுதியை வழித்து, கடியைப் பார்த்து, மறுபடி வஸலின் தடவி, ஒரு மணித்தியாலம் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் உள்ள குழியில் இது நன்றாக நிற்கும். இரண்டு மூன்று பக்கம் பரவிய குழியில் உடைவது அதிகம், அதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

இன்னொன்று, இதற்கு எந்தக் கருவியும் பெரிதாகத் தேவையில்லை. வெற்றிலை போடும் ஒவ்வொருவரின் வாயையும் முழுமையாகப் பாருங்கள். இரண்டு கண்ணாடி, நல்ல வெளிச்சம். உதடு, இரு கன்னத்தின் உட்புறம், முரசின் பின்கோடி, நாக்கின் மேல், நாக்கை நெய்த்துணியால் பிடித்து இழுத்து அதன் இரு ஓரம், நாக்கின் அடி, வாயின் தளம், அண்ணம். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெளிறி இறுகிய கன்னம், 35 மில்லிமீற்றருக்குக் குறைந்த வாய்த் திறப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். இலங்கை ஆண்களில் முன்னிலையில் நிற்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. ஊரடங்கில் வயற்காரரும் தோணிக்காரரும் வாயைக் காட்டாமலே போன மாதங்கள் பல. பிடுங்க வந்தவரின் வாயில் மூன்று நிமிடம் கூடுதலாகச் செலவிடும் மாணவர் அந்த இழப்பில் ஒரு பங்கை மீட்கிறார்.

பயிற்சிக்காகப் பிடுங்கிய பற்களைச் சேர்க்கச் சொன்னார்கள். வீட்டில் போத்தலில் வைக்கலாமா?
மாணவர், சம்மாந்துறை

கிருமி நீக்காத பல்லை வீட்டில் வைக்க வேண்டாம். சிகிச்சையகத்தின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் இருந்தால், இரத்தத்தையும் தசையையும் கழுவி, மூடி இறுகும் பிளாஸ்டிக் போத்தலில், ஒரு பங்கு வீட்டு வெண்மையாக்கித் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டு மூழ்க வைத்து, பெயரொட்டி ஒட்டுங்கள். காய விட்டால் பல் வெட்டும்போது வெடிக்கும். பயன்படுத்துமுன் ஒட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் கருவியில்) 121 பாகையில் 40 நிமிடம். அமல்கம் அடைத்த பல்லை ஒருபோதும் சூடாக்காதீர்கள், பாதரச ஆவி எழும். அதைத் தனியே 10 சதவீத ஃபோர்மலினில் இரண்டு வாரம் வையுங்கள். இரண்டு திரவத்தையும் கலக்கக் கூடாது.

வைத்தியசாலையில் மாணவர்தான் பல் அடைப்பார் என்றார்கள். கொவிட்டில் படித்த பிள்ளைகளிடம் வாயைக் கொடுக்கலாமா?
வாசகர், வாழைச்சேனை

கொடுக்கலாம், ஐயா. மேற்பார்வையாளர் யார், எந்தெந்தக் கட்டத்தில் வந்து பார்ப்பார் என்று கேளுங்கள். சூத்தை எடுத்த பிறகும், அடைத்த பிறகும் அவர் பார்க்க வேண்டும். நேரம் இரண்டு மடங்கு எடுக்கும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இருமல், காய்ச்சல் இருந்தால் முன்பே சொல்லி வேறு திகதி எடுங்கள். வலித்தால் இடது கையை உயர்த்துங்கள், வலது பக்கம் பெரும்பாலும் கருவியோடு இருப்பார்கள்.

கிளினிக் பல மாதம் மூடிக் கிடந்தது. அடுத்த வாரம் மாணவர் வருகிறார்கள். யூனிட்டை (பல் சிகிச்சைக் கதிரையும் அதன் நீர், காற்றுக் குழாய்களும்) நேரே ஓட்டலாமா? கிணற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறோம்.
பல் கிளினிக் உதவியாளர், பொத்துவில்

நேரே ஓட்டாதீர்கள், தம்பி. மெல்லிய குழாய்களில் தேங்கிய நீரில் கிருமிப் படலம் வளர்ந்திருக்கும். ஏரோட்டரை ஓட்டினால் அதைத்தான் நோயாளியின் வாயிலும் மாணவரின் முகத்திலும் தெளிப்பீர்கள். போத்தலைக் கழற்றிக் கழுவி, தயாரிப்பாளர் சொன்ன கிருமிநாசினியை அவர் சொன்ன நேரம் குழாய்களில் நிறுத்தி, பிறகு சுத்த நீரால் நன்றாக அலசுங்கள். முடிந்தால் நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், ஒரு மில்லிலீற்றரில் 500 கிருமிக் கூட்டத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதன் பிறகு தினமும் காலையில் ஒவ்வொரு குழாயையும் 2 நிமிடம், நோயாளிக்கு இடையில் 20 முதல் 30 விநாடி ஓட விடுங்கள்.

கம்பிரசரின் அடித்திருகைத் திறந்து தேங்கிய நீரை வடியுங்கள். கடற்கரைக் காற்றில் உள்ளே துரு பிடித்திருந்தால் செந்நீர் வரும், அப்போது திருத்துநரைக் கூப்பிடுங்கள். ஹேண்ட்பீஸை எண்ணெய் விடாமல் வைத்திருந்தால் தாங்கி இறுகியிருக்கும். எண்ணெய் தெளித்து, பர் இல்லாமல் வெறுமனே ஓட்டாமல், சோதனைப் பர் ஒன்றைப் போட்டு அரை நிமிடம் ஓட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். கரகரத்தால் மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். ஒட்டோகிளேவுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, உப்பும் சுண்ணாம்பும் படிந்து வால்வை அடைக்கும். காய்ச்சி வடித்த நீர் மட்டும். கதவின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா பாருங்கள். ஒட்டோகிளேவ் கிருமி வித்துகளைக் கொல்கிறதா என்று காட்டும் வித்துச் சோதனை ஒன்று வைத்து, முடிவு வந்த பிறகே மாணவர்களுக்கான கருவிப் பொதிகளை அடுக்குங்கள்.